ஹனோவரின் மருமகள் கரோலின்: 13 வருடம் மறைத்த நோய்

ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வந்தால் ஹனோவரில் இருக்கும் நம்மவர்கள் அவர்களை முதலில் கூட்டிப்போகும் இடங்களில் ஹெரன்ஹவுசன் பூங்காவும் ஒன்று. வெட்டிவிட்ட வேலிகள், நீரூற்று, வெள்ளைச் சிலைகள், பிறகு படம் எடுப்பது. அந்த மண்பாதைகளில் 1705 முதல் 1714 வரை ஏறக்குறைய தினமும் நடந்த ஒரு பெண், பின்னாளில் பிரித்தானியாவின் அரசியானாள். அன்ஸ்பாக் நகரத்துக் கரோலின் என்று அவளை வரலாறு அழைக்கிறது. அவளது அரசியல் திறமையைப் பற்றி நிறையப் புத்தகங்கள் உண்டு. இந்தக் கட்டுரை அவளது வயிற்றைப் பற்றியும் பேசுகிறது. அவள் இறந்தது குடல் வெடித்து. அதற்கு முந்திய 13 வருடமும் அந்த நோயை அவள் மறைத்து வைத்திருந்தாள்.

கரோலின் 1683 மார்ச் 1ஆம் திகதி தென் ஜேர்மனியின் அன்ஸ்பாக்கில் பிறந்தாள். சின்னஞ்சிறு அரசு, பெரிய வசதி இல்லை. மூன்று வயதில் தகப்பன் அம்மை நோயில் இறந்தார். தாய் சக்சனி ஆட்சியாளரை மறுமணம் செய்தாள். அந்த வாழ்க்கை நரகமாக இருந்தது. 1694இல் அவரும் அம்மையில் போனார். இரண்டு வருடத்தில் தாயும் இறக்க, 13 வயதில் கரோலின் அநாதை. இந்த அம்மைக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பேர்லின் அரண்மனை அவளை எடுத்து வளர்த்தது. அங்கே அரசியாக இருந்த சோபி சார்லட் ஹனோவர்க்காரி, படிப்பாளி, தத்துவஞானி லைப்னிட்ஸின் நெருங்கிய தோழி. எழுத்துக்கூட்டிக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாமல் வந்த பெண், அந்த வீட்டில் பெரியவர்களோடு சமயமும் தத்துவமும் விவாதிக்கப் பழகினாள். அவளது எழுத்துப்பிழைகள் மட்டும் கடைசிவரை திருந்தவில்லை.

1704இல் ஒரு பெரிய சம்பந்தம் வந்தது. ஒஸ்திரிய இளவரசர் சார்ள்ஸ், பின்னாளில் பேரரசர் ஆனவர். ஒரே நிபந்தனை, அவள் கத்தோலிக்கராக மாற வேண்டும். பாதிரியார் ஒருவரை அனுப்பி வாதாட வைத்தார்கள். கேட்டாள், அழுதாள், கடைசியில் மறுத்துவிட்டாள். சீதனமும் தாய் தகப்பனும் இல்லாத 21 வயதுப் பெண் அந்த இடத்தை வேண்டாம் என்றது ஐரோப்பா முழுக்கப் பேச்சானது. அடுத்த வருடம் ஹனோவர் இளவரசர் ஜோர்ஜ் ஒகஸ்டஸ் வேறு பெயரில் அன்ஸ்பாக்குக்கு வந்து, யாரென்று சொல்லாமல் பெண் பார்த்துவிட்டுப் போனார். 1705 செப்டெம்பரில் ஹனோவரில் கலியாணம். அந்த நகரத்து லைனே அரண்மனைதான் இன்று லோவர் சக்சனி மாநிலப் பாராளுமன்றம் இருக்கும் கட்டடம்.

புகுந்த வீடு லேசானதல்ல. மாமியார் வீட்டில் இல்லை. கணவனுக்குத் துரோகம் செய்தாள் என்று மாமனார் அவளைத் தூரத்து மாளிகை ஒன்றில் அடைத்து வைத்திருந்தார், சாகும்வரை. அதிகம் பேசாத, கடுகடுப்பான மனிதர் அவர். கணவர் முன்கோபி. கரோலினுக்குத் துணையாக இருந்தது கணவரின் அப்பம்மா சோபிதான். ஹெரன்ஹவுசன் பூங்காவை அமைத்து வளர்த்தவர் இந்த அப்பம்மா. வயது 80ஐத் தாண்டியும் அதில் விறுவிறுவென்று நடப்பார். 1714 ஜூனில் ஒருநாள் கரோலினோடு உலாவிக்கொண்டிருந்தபோது திடீரென மழை பிடித்தது. ஒதுங்க ஓடிய கிழவி பூங்காவிலேயே சரிந்து உயிர்விட்டார். சில வாரங்களில் இங்கிலாந்து அரசி ஆனும் இறக்க, ஹனோவர் குடும்பம் லண்டனுக்குப் புறப்பட்டது.

அதற்கு முன் ஒன்று. 1707 ஜனவரியில் மூத்த மகன் பிரெடரிக் பிறந்தான். அதே வருடம் கரோலினை அம்மை போட்டது, கூடவே நிமோனியா. கணவர் விலகிப் போகாமல் அருகிலேயே இருந்து தானும் அம்மையை வாங்கிக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். ஜோர்ஜின் குறைகளை எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவார்கள். அவருக்குப் பின்னாளில் வைப்பாட்டிகள் இருந்தது உண்மை, மனைவியை மற்றவர் முன் சீறியதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டிலருகே அவர் இருந்ததும் உண்மைதான்.

புலம்பெயர்வில் முதலில் உடைந்தது குடும்பம். மாமனார் ஜோர்ஜ் மன்னரானதும், ஹனோவரில் வாரிசு ஒருவர் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏழு வயது பிரெடரிக்கை விட்டுவிட்டுத் தாய் கப்பல் ஏறினாள். இடையில் எத்தனையோ கடிதங்கள் போய்வந்தன. மகனை அவள் மறுபடி கண்டது 1728 டிசம்பரில், 14 வருடம் கழித்து. வந்தவன் 21 வயது அந்நியன். தாயும் மகனும் ஒருவரையொருவர் சகிக்க முடியாமல் போனார்கள். பிள்ளையை அப்பம்மாவிடமோ சித்தியிடமோ விட்டுவிட்டு வந்து, பத்து வருடம் கழித்து விமான நிலையத்தில் ஒரு வளர்ந்த முகத்தைக் கண்ட தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை.

லண்டனில் இன்னொரு அடி. 1717இல் ஒரு ஞானஸ்நானச் சடங்கில் மாமனாருக்கும் கணவருக்கும் வாய்த்தர்க்கம் முற்றி, தம்பதியரை அரண்மனையை விட்டு வெளியேறச் சொன்னார் மன்னர். பிள்ளைகள் உள்ளேயே இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். பிறந்து சில வாரமேயான குழந்தை அடுத்த பெப்ரவரியில் இறந்தது. வீட்டுச் சண்டையில் குழந்தையைப் பணயம் வைத்த மன்னரை ஊர் மன்னிக்கவில்லை.

கரோலின் இங்கிலாந்துக்குச் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது அரசியலில் இல்லை, அம்மைத் தடுப்பில் இருக்கிறது. தகப்பன், தாயின் இரண்டாம் கணவன், தான் என்று அம்மை அவள் வாழ்க்கையில் மூன்று முறை வந்திருந்தது. 1720இல் மகள் ஆனையும் பிடித்தது. லேசான அம்மையின் சீழை ஆரோக்கியமானவரின் கையில் கீறி வைத்தால் பெரிய அம்மை வராது என்ற முறையைத் துருக்கியிலிருந்து மேரி வொர்ட்லி மொண்டேகு என்ற சீமாட்டி கொண்டுவந்திருந்தார். இந்தியாவிலும் இது பழைய முறைதான். வைத்தியர்கள் நம்ப மறுத்தார்கள். 1721 ஓகஸ்ட்டில் நியூகேட் சிறையில் மரணதண்டனைக் கைதிகள் ஆறு பேருக்கு, விடுதலை தருவதாகச் சொல்லி, அந்தக் கீறல் போடப்பட்டது. ஆறு பேரும் பிழைத்தார்கள். அடுத்து அநாதைப் பிள்ளைகள். இன்றைய அறத்தில் இதற்கு இடமே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1722 ஏப்ரலில் தன் மகள்மார் இருவருக்கு, 10 வயது அமேலியாவுக்கும் 8 வயது கரோலினுக்கும், போட வைத்தாள். கீறியவர் அரச சத்திரசிகிச்சை நிபுணர் குளோடியஸ் அமியண்ட். 1724இல் ஹனோவரில் இருந்த பிரெடரிக்குக்குப் போட மெயிட்லண்ட் என்ற வைத்தியர் லண்டனிலிருந்து அனுப்பப்பட்டார். அம்மை என்ற பெயரையே அம்மனோடு சேர்த்துச் சொல்லும் நமக்கு, முத்துமாரியம்மனுக்குக் கோயில் வைத்திருக்கும் ஹனோவர்த் தமிழருக்கு, இந்த ஊசியின் வழி இந்த நகரத்தையும் தொட்டுப் போனது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அதே 1724இன் முடிவில் கடைசிப் பிள்ளை லூயிசா பிறந்தாள். அந்தப் பேற்றோடு கரோலினின் தொப்புளருகே ஒரு வீக்கம் தோன்றியது. தொப்புள் குடலிறக்கம். பல பிள்ளை பெற்று, உடலும் பருத்த பெண்களுக்கு வயிற்றுச் சுவரின் தசை அந்த இடத்தில் விலகிவிடும். உள்ளிருக்கும் கொழுப்புச் சவ்வோ குடலின் ஒரு வளையமோ அந்த இடைவெளியால் வெளியே தள்ளும். படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

கணவரையும் மிக நெருங்கிய ஓரிருவரையும் தவிர யாருக்கும் அவள் சொல்லவில்லை. ஏன் என்பதற்குக் காலம்காலமாகச் சொல்லப்படும் காரணம், உடற்குறை தெரிந்தால் கணவரிடம் தன் பிடி தளர்ந்துவிடும் என்ற பயம். அது வெறும் பெண் வெட்கம் அல்ல. 1727இல் ஜோர்ஜ் மன்னரான பின் நாட்டை நடத்தியதில் அவளுக்கும் பிரதமர் வால்போலுக்கும் பெரும் பங்கு. மன்னர் ஹனோவருக்குப் போகும் போதெல்லாம், நான்கு முறை, ஆட்சிப் பொறுப்பு அவளிடம் இருந்தது. அந்த அதிகாரம் முழுவதும் ஒரு மனிதரின் விருப்பத்தில் தொங்கியது. கீல்வாதம் வந்த கால்களைக் குளிர்ந்த நீரில் முக்கிவிட்டு அவரோடு நடக்கப் போவாள் என்று சொல்வார்கள்.

நம் வீடுகளிலும் இந்த மறைப்பு உண்டு. வைத்தியரிடம் போனால் மகனோ பேத்தியோதான் ஜேர்மன் மொழியில் மொழிபெயர்க்க வேண்டும், வயிற்றைத் திறந்து காட்டவும் வேண்டும். வேண்டாம், அது வாய்வு என்று சொல்லிவிடுகிற அம்மாமார் எத்தனை பேர். மொழிபெயர்க்க வெளியாள் ஒருவரைக் கேட்கலாம், பெண் வைத்தியரைக் கேட்கலாம். வீக்கம் திடீரெனக் கல்லாகி, வலித்து, உள்ளே போக மறுத்து, வாந்தியும் வந்தால் அது காலை வரை காத்திருக்கும் விஷயம் அல்ல. அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குடல் வளையத்தின் இரத்த ஓட்டம் நெரிபட்டால் சில மணித்தியாலங்களில் அது அழுகத் தொடங்கும்.

கரோலினுக்கு அது 1737 நவம்பர் 9ஆம் திகதி நடந்தது. சென். ஜேம்ஸ் மாளிகையில் தனக்கென்று கட்டிய புதிய நூலகத்தைப் பார்க்கப் போனவளுக்குக் கடும் வயிற்றுவலியும் வாந்தியும். வைத்தியர்களுக்கு உண்மையான காரணம் தெரியாது. பேதி மருந்து கொடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மதுவகை கலந்த மருந்துகளும் புதினா நீரும் கொடுத்தார்கள். அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது, வாசல் பூட்டிய வீட்டுக்குள் ஆட்களைத் தள்ளுவது போன்றது. விழுங்கியது எதுவும் நிற்கவில்லை. சில நாட்கள் கழித்துத்தான் மன்னர் பொறுக்க முடியாமல் சத்திரசிகிச்சை நிபுணர் ராண்பியிடம் விஷயத்தைச் சொன்னார். ரகசியத்தை வெளியிட்டதற்காக அவள் கணவரிடம் கோபித்தாள். மயக்க மருந்து இல்லாத காலம். ராண்பியும் வயது முதிர்ந்த புசியேயும் இன்னொருவரும் சேர்ந்து அறுத்தார்கள், மறுநாட்களிலும் அழுகிய பகுதியை வெட்டினார்கள். 17ஆம் திகதி குடல் வெடித்தது. உள்ளிருந்தது எல்லாம் காயத்தின் வழியே வெளியே வந்தது.

குடலிலிருந்து தோலுக்கு இப்படித் திறக்கும் வழியைத்தான் இன்று வைத்தியர்கள் குடல் பிஸ்டுலா என்கிறார்கள். அது ஏற்பட்டால் சாவு நிச்சயம் என்று அந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. இரண்டு உதாரணங்கள் அதே அரண்மனையைச் சுற்றியே இருக்கின்றன.

முதலாவது, கரோலினின் மகள்மாருக்கு அம்மைக் கீறல் போட்ட அதே அமியண்ட். 1735 டிசம்பரில் லண்டன் சென். ஜோர்ஜ் வைத்தியசாலைக்கு 11 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். விதைப்பையில் குடலிறக்கம், அங்கிருந்து தொடைப்பக்கம் மலம் கசியும் துவாரம். திறந்து பார்த்தால், பையன் எப்போதோ விழுங்கிய ஊசி ஒன்று குடல்வாலைத் துளைத்திருந்தது. ஏறக்குறைய அரை மணிநேர வேதனைக்குப் பின் குடல்வாலை வெட்டி எடுத்தார். பையன் பிழைத்தான். உலகின் முதல் குடல்வால் சத்திரசிகிச்சை என்று பதிவானது இதுதான்.

இரண்டாவது, வில்லியம் செசெல்டன். 1727இல் கரோலினின் சத்திரசிகிச்சை நிபுணராக நியமிக்கப்பட்டு, பிறகு அரண்மனையின் ஆதரவை இழந்தவர். 1737இல் அவர் அந்த அறையில் இல்லை. அவர் தன் உடற்கூற்று நூலின் பிற்பதிப்பு ஒன்றில் மார்கிரட் வைட் என்ற பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். 50 வயதிலிருந்து தொப்புள் குடலிறக்கம். 73ஆவது வயதில் அது நெரிபட்டு வெடித்தது. அரசிக்கு வந்த அதே நோய். செசெல்டன் போனபோது இரண்டு அடிக்கு மேல் குடல் வெளியே தொங்கியது. அழுகியதை எடுத்துவிட்டு நல்ல குடலின் முனையை அப்படியே விட்டார். அது தொப்புளோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கிழவி தொப்புள் வழியாகவே மலம் கழித்துக்கொண்டு பல வருடம் வாழ்ந்தாள். பல வருடம் வாழ்ந்தாள் என்றால், மிஞ்சிய குடல் அவள் சாப்பிட்டதைப் போதிய அளவு உறிஞ்சியது என்றுதான் அர்த்தம்.

குடல் பிஸ்டுலாவில் ஆளைக் கொல்வது துவாரம் மட்டுமல்ல. கிருமித் தொற்று, உப்பும் நீரும் கணக்கில்லாமல் வெளியேறுவது, பட்டினி, இந்த மூன்றும் சேர்ந்துதான் கொல்கின்றன. 1960இல் அமெரிக்காவின் பொஸ்டனிலிருந்து வந்த ஒரு பெரிய அறிக்கையில்கூட இந்த நோயாளிகளில் 10 பேரில் 4 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அன்றைய சத்திரசிகிச்சை நிபுணர்கள் திறமைசாலிகள், அன்ரிபயோட்டிக்கும் வந்துவிட்டது. போதாமல் இருந்தது சாப்பாடு. 1964இல் கலிபோர்னியாவில் ஒரு குழுவினர், போதிய கலோரி கிடைத்தவர்கள் பிழைக்கிறார்கள், கிடைக்காதவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1968 அளவில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் முழு உணவையும் பெரிய இரத்தக் குழாய் வழியே கொடுக்க முடியும் என்று நிரூபித்தார். குடலுக்கு ஓய்வு, உடலுக்கு உணவு. அது எத்தனையோ உயிரைக் காத்தது.

ஆனால் இரத்தக் குழாய் உணவுக்கும் விலை உண்டு. அந்தக் குழாய் வழியே கிருமி ஏறலாம், நீண்ட காலத்தில் ஈரல் பாதிக்கப்படலாம். குடலும் சும்மா கிடந்தால் மெலிந்துவிடுகிறது. குடலின் உட்தோல் தன் உணவில் ஒரு பகுதியை உள்ளே போகும் சாப்பாட்டிலிருந்தே எடுக்கிறது, கிருமிகள் இரத்தத்துக்குள் போகாமல் தடுக்கும் மதிலும் அதுதான். அதனால் இன்று, முடிந்த இடத்தில் குடலைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு 200 மில்லிலீட்டருக்குக் குறைவாகக் கசிந்தால், அல்லது துவாரம் குடலின் கடைசிப் பகுதியில் இருந்தால், வாயாலோ மூக்கு வழிக் குழாயாலோ உணவு கொடுப்பது பெரும்பாலும் சாத்தியம். 500ஐத் தாண்டினால் கடினம், இரண்டு வழியையும் கலந்து கொடுப்பார்கள். மேல்குடலில் துவாரம் என்றால் அதைத் தாண்டிக் கீழே குழாயை வைப்பார்கள். 2004இல் இங்கிலாந்தின் சல்போர்டில் ஒரு குழுவினர் அந்தத் துவாரத்துக்குள்ளேயே குழாயை விட்டுக் கீழ்க்குடலுக்கு உணவு செலுத்தியதை எழுதினார்கள். நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு இரத்தக் குழாய் உணவை நிறுத்த முடிந்தது. நோயாக வந்த ஓட்டையையே வாயாக்கிய வேலை.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 35 கலோரி, புரதம் ஒன்றரை முதல் 2 கிராம் என்று கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 90 முதல் 120 கிராம் புரதம். சோற்றுக் கஞ்சியில் அது வராது. அன்பாக வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை வாட்டில் தாதி தடுத்தால் கோபிக்க வேண்டாம். அதிகம் கசிகிறவர் வெறும் தண்ணீரும் தேத்தண்ணியும் நிறையக் குடித்தால் உப்பு இன்னும் வெளியேறும், அதனால்தான் சீனியும் உப்பும் அளந்த கரைசலைக் கொடுக்கிறார்கள். தொற்றை அடக்கி, தோலைப் பாதுகாத்து, எடையை ஏற்றிய பிறகு பல துவாரங்கள் தாமாகவே மூடிவிடும். மூடாததை மாதக்கணக்கில் பொறுத்துத்தான் வெட்டுவார்கள். ஏன் இன்னும் ஒப்பரேசன் செய்யவில்லை என்று குடும்பத்தார் பதறும் காலம் உண்மையில் சாப்பாடு வேலை செய்யும் காலம்.

குழாய் உணவுக்கும் செசெல்டனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவரது கடைசிக் காலத்தில் அவரிடம் பழகிய மாணவர்களில் ஒருவர் ஜோன் ஹன்டர். 1790இல் விழுங்க முடியாமல் போன ஒரு நோயாளிக்கு விலாங்கு மீனின் தோலால் குழாய் செய்து, முட்டையும் பாலும் சீனியும் வயிற்றுக்குள் செலுத்தியவர் இவர்தான். கரோலின் இறந்து அப்போது 53 வருடம்.

அரசிக்குக் கடைசி நாட்களில் எதுவும் உள்ளே போகவில்லை. மகன் பிரெடரிக் பார்க்க வர அனுமதி கேட்டான். மன்னர் மறுத்தார், அவளும் கூப்பிடவில்லை. கணவரை மறுமணம் செய்யச் சொன்னாள், அவர் அழுதுகொண்டு மறுத்தார். நவம்பர் 20ஆம் திகதி இரவு, 54 வயதில், இறந்தாள். ஹனோவரில் இருந்து லண்டனுக்கு வந்திருந்த இன்னொருவர், இசையமைப்பாளர் ஹண்டல், அவளது அடக்கத்துக்குப் பாடல் அமைத்தார். 23 வருடம் கழித்து இறந்த ஜோர்ஜ், இரண்டு பெட்டிகளின் உட்பக்கப் பலகைகளையும் கழற்றி ஒன்றாக வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் அப்படியே வைத்தார்கள்.

எந்தப் பிள்ளையின் பேற்றோடு அந்த வீக்கம் வந்ததோ, அந்த லூயிசா வளர்ந்து டென்மார்க்கின் அரசியானாள். அவளுக்கும் குடலிறக்கம் இருந்தது, அவளும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. 1751 டிசம்பரில், கர்ப்பமாக இருந்தபோது, அது நெரிபட்டது. கொப்பன்ஹேகனில் வைத்தியர்கள் அறுத்துப் பார்த்தும் பயனில்லை. 27ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், வயிற்றுப் பிள்ளையோடு இறந்தாள்.